வலிப்பு நோயும் தாய்மையும்



சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி எனது ஊர். பிறர் பிழையைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த நான், இன்று என் பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

என்னிடம் பயின்ற பெண் ஒருத்திக்கு வலிப்பு நோய் இருந்தது. மணமாகிக் கருவுற்றதும் என்னைக் காண வந்தாள். "ஐயா, இந்த மாத்திரை வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்யுமா?" என்று வினவினாள். "ஐயமிருந்தால் நிறுத்திவிடம்மா" என்றேன். படித்தவர் சொல் என்று நம்பி நிறுத்தினாள். சில நாட்களில் அடுப்பருகே வலிப்பு கண்டு விழுந்தாள், கை வெந்துபோயிற்று. நல்வினைப் பயனாய்த் தாயும் சேயும் பிழைத்தனர். "மருந்தை நிறுத்தச் சொன்னவர் யார்?" என மருத்துவர் கேட்டபோது நான் தலைகுனிந்து நின்றேன். அதன் பின்னரே இதைப்பற்றிப் படிக்கலானேன்.

வலிப்பு என்பது யாது? மூளையின் நரம்பணுக்களில் மின்துடிப்பு வரம்பு மீறி எழுவதே அது. பேயின் செயலன்று, தொற்றுநோயுமன்று. உடலிற் சுரக்கும் ஹார்மோன்களுக்கும் இதற்கும் தொடர்புண்டு. ஈஸ்ட்ரோஜன் நரம்பணுக்களைத் தூண்டும். புரோஜெஸ்டிரோன் அவற்றை அமைதிப்படுத்தும். மாதவிடாயை ஒட்டிப் பின்னது குறைவதால், பெண்கள் சிலருக்கு அந்நாட்களில் வலிப்பு மிகுகிறது. புரோஜெஸ்டிரோனையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தனர். அது எல்லோருக்கும் பயன் தரவில்லை.

மருந்துக்கும் மருந்துக்கும் பகையுண்டு என்பதையும் அறிந்தேன். பெனிடாயின், கார்பமசெபைன் போன்றவை ஈரலின் நொதிகளை முடுக்கிவிட்டுக் கருத்தடை மாத்திரையை வலுவிழக்கச் செய்கின்றன. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரையோ, லாமோட்ரிஜின் என்னும் வலிப்பு மருந்தின் அளவை இரத்தத்திற் குறைத்துவிடுகிறது. ஆகவே இரண்டையும் உண்பவர் இரண்டையும் மருத்துவரிடம் சொல்லல் வேண்டும்.

வால்புரோயேட் என்னும் மருந்தைக் கருவுற்ற காலத்தில் உண்டால், பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை நேர்கிறது. எனவே கருவுறுமுன்னரே மருத்துவரைக் கண்டு, தக்க மருந்துக்கு மாறி, ஃபோலிக் அமிலமும் உட்கொள்ளத் தொடங்குதல் நலம். தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. இத்தகைய தாய்மாரைக் கண்காணித்து ஆராய, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1998-ல் ஒரு பதிவேடு தொடங்கப்பெற்றது. வலிப்புள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமுள்ள மக்களையே ஈன்றெடுக்கின்றனர்.

இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருவோர் மணக்கத் தடையாக 1976-ல் ஒரு விதி புகுந்தது. 1999-ல் அது நீக்கப்பட்டது. சட்டம் திருந்திற்று, ஊர் இன்னும் முழுதும் திருந்தவில்லை. நோயை மறைத்து மணமுடிப்பதும், புகுந்த வீட்டிற்கு அஞ்சி மாத்திரையை ஒளித்து உண்பதும், உண்ணாமலே விடுவதும் இன்றும் உண்டு. அந்த அச்சமே பல வேளைகளில் நோயினும் கொடியது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இது: "எனக்குத் தெரியாதம்மா, இன்றே மருத்துவரைக் கேள்." நீங்களேனும் இதை நினைவிற் கொள்ளுங்கள்.