திரையும் பக்கத்து ஆளும்



திரையும் மெய்யும் என்று பொருள் கொடுத்தால் பேச வருபவர்கள் சுவரில் விழும் நிழலை மெய்யென்று நம்பியவர்களைப் பற்றிய பிளேட்டோவின் குகைக் கதையிலிருந்து தொடங்குவது வழக்கம். குனோங் சீரோ குகைக் கோயிலுக்குக் காவடி எடுக்கும் ஈப்போக்காரர்களுக்குக் குகையைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? நம் மாநிலத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

2025ஆம் ஆண்டின் நடுவில் கோலாலம்பூரிலிருந்து ஒரு முதிய தம்பதி பேராக்கின் வடகோடிக்கு வந்தார்கள். 'குவாக் ஸ்கைரைடு' என்ற கேபிள் காரில் ஏறிப் பார்க்க ஆசை. அவர்கள் பார்த்த காணொளியில் 'டிவி ராக்யாட்' நிருபரான பெண் அதில் ஏறி உட்கார்ந்து போகிறார், சுற்றுலா வந்தவர்களிடம் பேட்டி எடுக்கிறார். அவர்கள் தேடி வந்த குவாக் ஹூலுவில் அப்படி ஒரு கேபிள் கார் கிடையாது. அந்தத் தொலைக்காட்சியும் கிடையாது, நிருபரும் கிடையாது. எல்லாம் செயற்கை நுண்ணறிவின் கைவேலை. மூலையில் 'வியோ 3' என்ற முத்திரைகூட இருந்தது. அது கூகுளின் காணொளி செய்யும் கருவி என்று தெரிந்தவர்களுக்கு அது எச்சரிக்கை. தெரியாதவர்களுக்கு வெறும் எழுத்து. ஹோட்டல் ஊழியர் ஒருவர் எடுத்துச் சொன்னபோது அந்த அம்மா நம்பவில்லை. எதற்காகப் பொய் சொல்லப் போகிறார்கள், நிருபரே போய் வந்தாரே என்று கேட்டார். பிறகு அந்த நிருபர்மேல் வழக்குப் போடப் போவதாகவும் சொன்னார்.

நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'இவருக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்' என்பது சாட்சியை எடைபோட மனிதர்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. நீதிமன்றத்திலும் அதைத்தான் கேட்கிறார்கள். சாட்சி மனிதராக இருக்கும்வரை அது நல்ல கேள்வி. இன்னொன்றும் உண்டு. இந்தக் கதை நம்மிடம் எப்படி வந்தது? அந்த ஹோட்டல் ஊழியர் திரெட்ஸில் போட்ட பதிவாக வந்தது. தங்களுக்குப் புகார் எதுவும் வரவில்லை என்றது காவல்துறை. அந்தத் தம்பதி வந்தார்கள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதற்கு என்னிடம் இருக்கும் ஆதாரமும் கைபேசிதான்! திரையை நம்பியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் திரையை நம்பித்தான் சிரித்தார்கள்.

ஏமாற்றும் திரை நமக்குப் புதிதில்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் தகவல் இலாகாவின் பட வண்டிகள் தோட்டம் தோட்டமாக வந்தன. 1946இல் தொடங்கிய மலாயா ஃபிலிம் யூனிட் எடுத்த படங்கள் தமிழ் விளக்கத்தோடு ஓடின. அரசாங்கம் சொல்வதை நம்பவைப்பதுதான் நோக்கம். அதை யாரும் மறைக்கவும் இல்லை. முள்வேலிக்குள் அடைத்துக் குடிவைக்கப்பட்டிருந்த லயத்து மக்கள் திடலில் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: திரையில் ஒரு கதை ஓடுமாம், பாயில் இன்னொரு கதை ஓடுமாம். படத்தில் காட்டுகிற வீடு எந்தத் தோட்டத்து வீடு, அந்தச் சம்பளம் யாருக்குக் கிடைத்தது என்று மண்டோர் காதில் விழாதபடி கேள்விகள் வரும். யாராவது ஒருவருக்குப் பதில் தெரிந்திருக்கும். விளக்கம் சொல்பவரின் ஒலிபெருக்கியைவிட அந்த முணுமுணுப்பே மெய்யைச் சரிபார்த்தது.

1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. கிராணி வீட்டுச் சன்னலோரம் நின்று பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். பிறகு தோட்டங்கள் கைமாறின. கித்தாவுக்கு, அதாவது ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. சனங்கள் புந்தோங்குக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். திரை சிறுத்துக்கொண்டே வந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்று கைக்குள் அடங்கும் திரைக்கு முன்னால் ஒருவர் மட்டும் இருக்கிறார். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்துக்கு 997 என்ற எண் உண்டு; நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பெரும்பாலும் பணம் போன பிறகு அழைக்கும் எண். குவாக் போன அம்மாவுக்கும் கேட்க ஓர் ஆள் கிடைத்தார், அவ்வளவு தூரம் வந்து சேர்ந்த பிறகு.

ஆட்கள் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் குடும்பப் புலனக் குழுவில் 'நம் பாட்டிமார் காலம்' என்ற குறிப்போடு பழுப்பேறிய படம் ஒன்று வந்தது. கித்தாக் காடு, தலையில் துண்டு கட்டிய பெண், கையில் கத்தி, மரத்தில் கோப்பை. கைகூப்பும் பொம்மைகள் குவிந்தன. பால் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய என் பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது யாரு வெட்டுன வெட்டு? சாய்வு தலகீழா இருக்கே" என்றார். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அப்படி வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் திறக்கும். படத்திலோ எதிர்ச் சாய்வு. அதோடு உச்சி வெயில், கோப்பை வழியப் பால். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்படும். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துவிட்டு இருட்டோடு காட்டுக்குள் நுழைந்தது அதனால்தானே! படம் செய்த கருவிக்கு வெயிலும் நிழலும் அழகாக விழுந்தால் போதும். அது ஒரு நாளும் பெரட்டுக்குப் போனதில்லை.

அதே பெரியம்மா, மறுவாரம் மூட்டுவலி எண்ணெய் விளம்பரத்தில் பேசிய 'டாக்டரை' அப்படியே நம்பினார். அதைப் பிடித்தது மருந்தகத்தில் வேலை செய்யும் அவருடைய பேத்தி. எல்லாத் திரையையும் தனியாளாகச் சலித்துப் பார்க்க யாராலும் முடியாது. பள்ளிகளில் 'ஊடக அறிவு' என்று தனித்தனிப் பிள்ளையின் தலைக்குள் ஏற்றப் பார்க்கும் திட்டங்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லாததும் அதனால்தான்.

தெரிந்தே ரசிக்கும் மாயையும் உண்டு. 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில் கலைஞர் கருணாநிதி செயற்கை நுண்ணறிவின் உதவியால் திரையில் தோன்றிப் பேசினார். அவர் 2018இல் மறைந்துவிட்டார் என்பது அந்தக் கூட்டம் முழுவதற்கும் தெரியும், யாரும் ஏமாறவில்லை. அதே மாதம் ஏ.ஆர்.ரகுமான் 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் குடும்பத்தாரின் அனுமதியோடு மீட்டெடுத்தார். அதிலும் எனக்குக் குறையில்லை. என் கவலை பிந்தி வரப்போகும் ஆய்வு மாணவரைப் பற்றியது. கூட்டம் கலைந்துபோய், காணொளி மட்டும் ஆவணக் காப்பகத்தில் கிடக்கும்போது, அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்ததை அவருக்கு யார் சொல்வார்கள்?

தோட்டத்து வாழ்வுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கடியானது. அசல் புகைப்படங்கள் கொஞ்சம்தான். கருவி செய்து தள்ளும் 'பழைய' படங்களுக்குக் கணக்கே இல்லை. ஆகவே இந்தக் கருத்தரங்கின் தலைவர் என்ற உரிமையில் நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம் செய்கிறேன். பிற்பகலில் தோட்டப் படங்களைப் பற்றிய அமர்வில் கட்டுரை வாசிப்பு பாதி நேரம் போதும். மீதி நேரத்தில் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போடுவோம். பால் வெட்டியவர்களும் மண்டோராக இருந்தவர்களும் புகைக்கூடத்தில் வேலை செய்தவர்களும் பார்த்துச் சொல்லட்டும். சொல்வதை மாணவர்கள், சம்மதம் கேட்டு, சொன்னவர் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதிக்கொள்ள வேண்டும். இருவர் மாற்றிச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் குறிப்புகளை மாலையில் ஆவணக் குழுவிடம் ஒப்படைத்துவிடலாம்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.