எதிர்பார்த்த செவி



எழுத்துக்கு மாத்திரை வகுத்த மொழியினர்க்கு மோர்சு தந்திக்குறியின் இலக்கணம் அந்நியமானதன்று. புள்ளிக்கு ஒரு மாத்திரை, கோட்டுக்கு மூன்று. எழுத்தின் உள்ளே விழும் இடைவெளி ஒன்று, எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு. மௌனத்துக்கும் அளவு வைத்த யாப்பு அது.

136 கிலோஹெர்ட்ஸில் இந்த யாப்பு மிக மெல்ல நடக்கிறது. அங்கே அலையின் நீளம் ஏறத்தாழ 2200 மீட்டர். அதற்கேற்ற கம்பத்தை எந்த வீட்டுக் கொல்லையிலும் நட இயலாது. எட்டிய உயரத்தில் கட்டிய கம்பியில் பல நூறு வாட் செலுத்தினாலும் பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவே வானேறும். எஞ்சியது சுருளையும் மண்ணையும் சூடாக்கும். 2007இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு இப்பகுதியைப் பயில்முறை வானொலியாளர்க்கு வழங்கியபோது, ஒரு வாட் என்றே வரம்பும் கட்டியது. மின்னல் இரைச்சல் அடங்கிய குளிர்கால இரவுகளில் இந்தச் சிறுதுளி கடல் கடக்க வேண்டும். வேகத்தைத் துறப்பதே அவர்கள் கண்ட வழி. புள்ளிக்கு 3 வினாடி, 10 வினாடி, சமயத்தில் 60 வினாடி. அவ்வளவு மெதுவானதைக் காது தொடராது. கணினித் திரையில் ஊர்ந்து வரும் கீற்றைக் கண்ணால் படிக்கிறார்கள்.

பரிமாறுவது என்ன? நலம் விசாரிப்பும் இல்லை. இருவர் அழைப்புக்குறிகள், கிடைத்த தரம், பெற்றதற்கு ஒப்புதல், அவ்வளவே. தரம் கூற ஓர் எழுத்துப் போதும். 'டி' எனில் சுவடு தெரிகிறது. 'எம்' எனில் அரைகுறையாகப் படிக்க முடிந்தது. 'ஓ' எனில் இரு குறிகளும் முழுமையாக வந்தன. டி ஒரு கோடு, எம் இரண்டு, ஓ மூன்று. இரைச்சலில் புள்ளி கரைந்துபோகும் என்பதால் புள்ளியே இல்லாத எழுத்துகள்! நிலவில் அலையை மோதவிட்டுத் திருப்பிப் பெறுவோரிடமும் இவ்வழக்கு உண்டு. 60 வினாடிப் புள்ளியில் ஓர் 'ஓ' முடிய 11 நிமிடம் ஆகும்.

இத்துணைச் சுருங்கிய பேச்சில் ஓர் ஐயம் எழாமல் இராது. வந்ததைக் கேட்டாரா, வரும் என்று நினைத்ததைக் கேட்டாரா?

1901 டிசம்பர் 12இல் நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில் பட்டம் தூக்கிய கம்பியின் கீழ் அமர்ந்து, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வந்த 'எஸ்' எழுத்தைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். எஸ் என்பது மூன்று புள்ளிகள். கேட்டவர் அவரும் உதவியாளர் கெம்ப்பும் மட்டுமே; என்ன வரும் என்பது இருவர்க்கும் முன்பே தெரியும். வான் இரைச்சலும் மூன்று முறை சொடுக்கக்கூடும். ஆகையால் அந்த ஐயம் இன்றளவும் தீரவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1921 டிசம்பரில், ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரமடித்துப் பால் காட்லி என்னும் அமெரிக்கர் காத்திருந்தார். உடனிருந்த சாட்சி, சுவையான பொருத்தமாக, மார்க்கோனி நிறுவனத்தின் ஆய்வாளர். கனெக்டிகட்டின் கிரீனிச்சிலிருந்து 1 பி.சி.ஜி. நிலையம் 230 மீட்டர் அலையில் ஒரு செய்தியே அனுப்பியது. சொற்கள் 12 என்று அதன் தலைப்பிலேயே எண்ணிக்கை இருந்தது. காட்லிக்கு அதன் வாசகம் முன்கூட்டித் தெரியாது. பொருளென்று பார்த்தால் வெறும் வாழ்த்துத்தான். ஆனால் அது கேட்கப்பட்டது; எண்ணிச் சரிபார்க்கவும் முடிந்தது.

இன்று இந்தத் தாழ்ந்த அலைகளில் மோர்சோடு எஃப்டி8 என்னும் கணினி முறையும் ஒலிக்கிறது. 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோசப் டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் தந்தது. மனிதச் செவி கைவிட்ட சமிக்ஞையையும் அது மீட்டெடுக்கும். செவியை நம்பும் பழைய தந்தியாளர்கள் இதனை ஏளனம் செய்வதுண்டு. அந்த ஏளனம் முழு நியாயம் ஆகாது. சமிக்ஞை நலிந்தபோது, அடுத்து என்ன வரக்கூடும் என்ற முன்னறிவைத் துணைக்கொண்டே அந்த நிரலும் விடை காண்கிறது. மார்க்கோனியின் செவி செய்ததாக ஐயுறப்படுவதும் அதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. அப்படிக் கண்ட வரியின் ஓரத்தில் நிரல் 'ஏ' என்று ஒரு சிற்றெழுத்தை இடுகிறது. உறுதி குறைந்தால் ஒரு கேள்விக்குறியும் சேர்க்கிறது.