ட்ரெயினா, வாடகை காரா? சுவிட்சர்லாந்துக்கு நாங்க போட்ட கணக்கு

இந்த வாரம் டெக் பேசப் போறதில்ல. வெளிநாட்டுக்கு டூர் கிளம்பறவங்க நிறைய பேர் என்கிட்ட கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு: "அங்க போய் ட்ரெயின்ல சுத்தலாமா, இல்ல கார் வாடகைக்கு எடுக்கலாமா?" இதுக்குப் பொதுவான பதில் கிடையாது. அதனால எங்க வீட்டுல நாங்க எடுத்த முடிவை மட்டும் சொல்றேன். உங்க கணக்குக்கு அது உதவலாம்.

போன வருஷம் ஜூன்ல அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு எட்டு நாள் சுவிட்சர்லாந்து போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா ரிட்டயர்டு பஸ் டிரைவர். முப்பது வருஷ சர்வீஸ்ல பெரும்பகுதி கொல்லிமலை ரூட். காரவள்ளி தாண்டினா மேல போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவு. எனக்கு கார் ஓட்டக் கத்துக்கொடுத்ததும் அவர்தான். அதனால டூர்னு பேச்செடுத்ததுமே முடிவைச் சொல்லிட்டார்: "கார் எடுத்துரு கண்ணு. நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்."

நான் இன்ஜினியர் ஆச்சே. உடனே ஒரு ஷீட் போட்டேன்.

முதல்ல செலவு. இதுல அடிப்படையான விஷயம் ஒண்ணுதான். ட்ரெயின் செலவு ஆளுக்கு ஆள் கூடும். கார் வாடகை, வண்டியில எத்தனை பேர்னு பார்க்காது. தனியா போனா ட்ரெயின். நாலு பேர் போனா பெரும்பாலும் கார்தான் மலிவு. மூணு பேர்னா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும்.

சுவிஸ்ல டூரிஸ்ட்டுக்கு ரெண்டு வழி இருக்கு. சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தா ட்ரெயின், பஸ், ஏரியில ஓடற போட், பெரும்பாலும் எல்லாமே அதுல அடங்கும். ஹாஃப் ஃபேர் கார்டு எடுத்தா ஒரு மாசத்துக்குப் பாதி விலையில டிக்கெட். தினமும் ஊர் ஊரா சுத்தினா பாஸ் லாபம். ஒரே ஊர்ல தங்கி அங்கிருந்து போயிட்டு வந்தா ஹாஃப் ஃபேர் போதும். ஒண்ணு மட்டும் கவனிங்க: 3,454 மீட்டர் உயரத்துல இருக்கற யுங்ஃப்ரௌயோக் ஸ்டேஷனுக்கு பாஸ் இருந்தாலும் தள்ளுபடிதான், முழு டிக்கெட் அதுல வராது.

கார் பக்கம் வாடகையை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க. ஓட்டறவர் பேர்ல இருக்கற கிரெடிட் கார்டுல டெபாசிட் பிடிச்சு வைப்பாங்க. இன்ஷூரன்ஸ் இருந்தாலும் சேதம் வந்தா ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் நம்ம பொறுப்பு. ஆட்டோமேட்டிக் கியர் வேணும்னா விலை ஏறும். சுவிஸ் ஹைவேயில போக வருஷத்துக்கு 40 ஃபிராங்க் கட்டணம் கட்டியிருக்கணும். அந்த நாட்டு வாடகை காருக்கு அதை பொதுவா ஏற்கெனவே கட்டியிருப்பாங்க, ஆனா வண்டியை எடுக்கும்போதே பார்த்துக்கணும். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை இங்க ஆர்டிஓ மூலமா கிளம்பறதுக்கு முன்னாடியே வாங்கிடணும். அது ஒரு வருஷம்தான் செல்லும், கூடவே ஒரிஜினல் லைசென்ஸும் கையில இருக்கணும். இது எல்லாத்துக்கும் மேல பார்க்கிங் காசு.

இன்னொண்ணு, நாங்க பார்க்க ஆசைப்பட்ட வெங்கன், ம்யூரன் ரெண்டு ஊருக்கும் கார்ல போகவே முடியாது. கீழ நிறுத்திட்டு ட்ரெயினோ கேபிள் காரோதான் பிடிக்கணும். ஸெர்மாட்டும் அப்படித்தான். 5 கிலோமீட்டர் முன்னாடி டேஷ்ங்கற ஊர்ல வண்டியை விட்டுட்டு ட்ரெயின் ஏறணும்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தாலும் என் ஷீட்ல கார்தான் கொஞ்சம் முன்னாடி நின்னுச்சு. காரணம் அம்மாவோட முழங்கால். பெட்டியைத் தூக்கிக்கிட்டு பிளாட்ஃபார்ம் மாற வேண்டியதில்ல, வாசல்ல ஏறி வாசல்ல இறங்கலாம். புக்கிங் பக்கத்தைத் திறந்து கார்டு நம்பர் வரைக்கும் போயிட்டேன்.

அப்பதான் வண்டியை எந்த நேரத்துக்கு எடுப்பீங்கன்னு கேட்டுச்சு. நான் யோசிச்சுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஃபிளைட், நடுவுல ஒரு மாத்தல், மதியம் சூரிச். இறங்கின உடனே வாழ்க்கையில முதல் தடவையா ரோட்டோட வலது பக்கம் ஓட்டணும். ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில. ரவுண்டானா சுத்தறது நமக்கு நேர் எதிர்த் திசை. போர்டு எதுவும் இல்லாத சந்திப்புல வலது பக்கம் வர்றவருக்கு வழி விடணும். பின் சீட்ல அம்மா.

அப்பாவுக்கு போன் போட்டேன். "அப்பா, நைட் டூட்டி முடிச்சுட்டு, தூங்காம, தெரியாத ரூட்ல பஸ் எடுப்பீங்களா?"

"எடுக்க மாட்டேன். எவன் சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

"நான் அதைத்தான் பண்ணப் போறேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சரி, ட்ரெயின்லயே போலாம்"னு வெச்சுட்டார். குரல்ல சந்தோஷம் இல்ல. பையனை நம்பலைன்னு நான் நினைச்சுக்குவேனோன்னு அவருக்கு. அவர் ஆசையை நான் கெடுத்துட்டேனோன்னு எனக்கு.

சூரிச் ஏர்போர்ட்டுக்குக் கீழேயே ரயில்வே ஸ்டேஷன். பெர்ன்ல ஒரு மாத்தல், அப்புறம் இன்டர்லாக்கன், அங்கிருந்து 20 நிமிஷத்துல லாட்டர்ப்ரூனன். அங்கதான் ரூம். பெர்ன்ல அம்மா மெதுவா நடந்ததுல அடுத்த ட்ரெயினை விட்டுட்டோம். எனக்கு வியர்த்துடுச்சு. ஆனா அரை மணி நேரத்துல அடுத்தது வந்துச்சு. அவ்வளவுதான் நஷ்டம். அதே தூக்கக் கலக்கத்துல ரோட்டுல ஒரு தப்பு பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சேன், வெளிய சொல்லல.

முதல் ரெண்டு நாள் அப்பா விறைப்பாவே உக்காந்திருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் வாட்ச்சைப் பார்ப்பார். லேட்டானா ஒரு சிரிப்பு.

மூணாவது நாள் மெய்ரிங்கன்ல இருந்து ரோசன்லாவி பக்கம் மேல ஏறற மஞ்சள் போஸ்ட் பஸ் பிடிச்சோம். ஒரு வண்டிதான் போகும்ங்கற மாதிரி ரோடு. அப்பா டிரைவருக்குப் பின்னாடி முதல் சீட். வளைவு வரும்போதெல்லாம் இவர் கால் தரையை அழுத்துது, இல்லாத பிரேக்கை. கண்ணுக்குத் தெரியாத திருப்பத்துல அந்த பஸ் மூணு ஸ்வரத்துல ஒரு ஹாரன் அடிக்கும். அதைக் கேட்டுதான் முதல் தடவையா சிரிச்சார்.

சுவிஸ்ல சில மலைரோடுகள்ல நீலப் பலகையில மஞ்சள் கொம்பு படம் இருக்கும். அங்க பஸ் டிரைவர் பின்னால போன்னு கைகாட்டினா கார்க்காரர் போய்த்தான் ஆகணும், அது சட்டம்னு சொன்னேன். "இது மட்டும் நம்ம ஊர்ல இருந்திருந்தா என் பிரஷர் மாத்திரை பாதியா குறைஞ்சிருக்கும்"னார்.

திரும்பி இறங்கும்போது அவர் முன் சீட்டுக்குப் போகல. அம்மாவைத் தள்ளி உக்காரச் சொல்லிட்டு ஜன்னல் ஓரம் உக்காந்தார். பாதி வழியில என் பக்கம் திரும்பாமயே சொன்னார்: "முப்பது வருஷம் மலைக்குப் போயிட்டு வந்தேன் கண்ணு. ஒரு நாளும் மலையைப் பாத்ததில்ல. ரோட்டைத்தான் பாத்தேன்."

என் ஷீட்ல செலவு இருந்துச்சு, நேரம் இருந்துச்சு, முழங்கால் இருந்துச்சு. ஓட்டறவருக்கு அந்த டூர்ல லீவு கிடையாதுங்கறது மட்டும் இல்ல. கார் எடுத்திருந்தா எட்டு நாளும் நான் ரோட்டைப் பார்த்திருப்பேன். பக்கத்துல உக்காந்து அப்பாவும் அதையேதான் பார்த்திருப்பார்.

இதை வெச்சு கார் வேண்டாம்னு முடிவு கட்டிடாதீங்க. ஐஸ்லாந்துல ரயிலே கிடையாது, அங்க கார் இல்லாம ஊர் சுத்தறது ரொம்பக் கஷ்டம். ஸ்காட்லாந்து மலைப்பகுதி, நியூசிலாந்து தெற்குத் தீவு மாதிரி இடங்கள்ல ட்ரெயின் கொஞ்சம்தான், அதோட நம்ம ஊர் மாதிரி இடது பக்கமே ஓட்டலாம். சின்னக் குழந்தையோட நாலு பேர் போனாலும் கார் நல்லது. ரெண்டையும் கலக்கலாம்: பெரிய ஊர்களுக்கு நடுவுல ட்ரெயின், கிராமப் பக்கம் ரெண்டு நாள் மட்டும் கார். ஆனா இறங்கின அன்னைக்கே வண்டி எடுக்காதீங்க. ஒரு ராத்திரி தூங்கிட்டு எடுங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி. எத்தனை பேர்? போற இடத்துக்கு கார் போகுமா? யார் ஓட்டப் போறாங்க, அவங்களுக்கு அதுல சம்மதமா? மூணாவதை வாய்விட்டுக் கேளுங்க. எல்லா வீட்டுலயும் ஓட்டறவர் ஒருத்தர் இருப்பார், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

ஊருக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சு அம்மா ஒரு போட்டோ அனுப்பினாங்க. கொல்லிமலை பஸ், ஜன்னல் ஓரத்துல அப்பா. டிக்கெட் எடுத்துப் போயிருக்கார்.

உங்க டூர்ல யார் ஓட்டினாங்க, கடைசியில அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.