ஃபார்மட் அடிக்கும் முன்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "கம்ப்யூட்டர் திடீர்னு நீலமாகி நின்னுபோகுது, தானே திரும்ப ஆன் ஆகுது. ரெண்டு நாள்ல மறுபடியும் வருது. என்ன செய்யலாம்?" திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். மூவருக்கும் நினைவில்லை. அதனால்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன்.

நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்போது என் அப்பாவும் தோணியில் போனார். அந்த நாட்களின் படங்கள் எங்கள் வீட்டில் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பம் ஊறி வீணாகிவிட்டது. நல்லவேளையாக முன்பே ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். அந்த ஒரே இடத்தில்தான்.

அடுத்த ஆண்டு நீலத்திரை வர ஆரம்பித்தது. 'சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன்' என்று எழுத்து. ரிப்பேர் பார்க்க வந்த தம்பி, "அண்ணாச்சி, ஃபார்மட் அடிச்சிட்டா சரியாயிரும்" என்றார். "சரிப்பா" என்றேன். உள்ளே படங்கள் இருப்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நான்காம் நாள் அதே திரை மறுபடி வந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு ராமில். நம் ஊர் உப்புக்காற்றில் அதன் தொடுமுனைகள் கறுத்திருந்தன. துடைத்து மாட்டியதும் நின்றுவிட்டது. அழிந்த படங்களைத் தேடியதில் 40-க்கு 11 கிடைத்தன. அப்பா நிற்கும் படம் அதில் இல்லை.

அந்தப் பிழைக்கு என்ன அர்த்தம்? துறைமுகத்துக்குள் லாரி நேராகக் கப்பலடிக்குப் போய்விட முடியாது. வாசலில் அனுமதி வாங்க வேண்டும். அதுபோல நாம் திறக்கும் எந்தப் புரோகிராமும் விண்டோஸின் உட்பகுதியிடம் கேட்டுத்தான் ஃபைலையோ திரையையோ பயன்படுத்தும். அப்படிக் கேட்டு வேலை நடக்கும் இடத்தில் ஏதோ தவறாகிவிட்டது என்பதே இந்தச் செய்தி. பெரும்பாலும் காரணம் ஒரு டிரைவராக இருக்கும். டிஸ்ப்ளே டிரைவராகவோ ஆன்டிவைரஸோடு வந்ததாகவோ இருக்கலாம். சில சமயம் ராம்.

ஆகவே, இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில், திரையைச் செல்போனில் படம் எடுங்கள். அதில் ஸ்டாப் கோட் இருக்கும். பழுதான ஃபைலின் பெயரும் இருந்தால் பாதித் துப்பு கிடைத்த மாதிரி. விண்டோஸ் 11-ல் இப்போது திரை கறுப்பாகவும் வரலாம், விஷயம் ஒன்றுதான்.

இரண்டு, வேறு எதிலும் கை வைக்காமல் படங்களையும் பத்திரங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். கம்ப்யூட்டர் நிலையாக நிற்கவில்லை என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோடில் போய் எடுங்கள்.

மூன்று, ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நாள்வாரியாக ஒரு படம் வரும். முதல் சிவப்புக் குறி எந்தத் தேதியில், அதற்கு முன் என்ன புதிதாக ஏற்றப்பட்டது என்று பாருங்கள். பிரிண்டரா, டிரைவரா, இரண்டாவது ஆன்டிவைரஸா? அதை மட்டும் நீக்கிவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

நான்கு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோட் வந்தால் ராமைச் சந்தேகியுங்கள். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனை உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கடற்கரை ஊரில் இருக்கும் நாம் இதைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது.

இத்தனைக்கும் பிறகுதான் ஃபார்மட். பழுது ராமில் இருந்தால் ஃபார்மட்டால் அது போகாது. என் வீட்டில் நடந்தது அதுதான்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று பரவலாகச் செய்த வைத்தியம், சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை நீக்கியதுதான். எதனால் வந்தது என்று தெரிந்ததால் அது போதுமாக இருந்தது.

இன்னொன்று, பெரியவர்கள் கவனிக்க வேண்டியது. "உங்கள் கம்ப்யூட்டரில் சர்வீஸ் எர்ரர் இருக்கிறது, மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்" என்று போன் வரும். 'ஈவென்ட் வியூவர்' என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். அதில் சிவப்புக் குறிகள் வரிசையாக இருக்கும். பயப்படாதீர்கள். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும். அதைக் காட்டிப் பயமுறுத்தி, தூரத்திலிருந்து இயக்கும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைப்பதுதான் அவர்கள் வேலை. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பர் இருக்காது. போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நீலத்திரை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும், போனால் திரும்பக் கிடைக்காத படங்களை ஒரு பென் டிரைவிலாவது எடுத்து, வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். எப்படி என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.