பிள்ளைகளுக்கு மழையைச் சொல்லிக்கொடுப்போம்

(மக்தப் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். குழாயிலிருந்து என்று சொல்லும். கொஞ்சம் பெரிய பிள்ளை பாடப் புத்தகத்துப் படத்தை ஒப்பிக்கும்: கடல், மேகம், மழை, ஆறு, மறுபடி கடல். படம் சரிதான். ஆனால் நெல்லித்தோப்புக் குழாய்க்கு எந்த ஆறும் வருவதில்லை. புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீர். பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் இருக்கிறதே, அது முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் நகருக்கு வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. ஆகவே நம் பிள்ளைக்கு மழையைச் சொல்லும்போது மண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாயால் சொன்னால் ஏறாது. ஒரு தட்டில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றி மாடி வெயிலில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் போய்விடும், உப்பு நிற்கும். கடல் கரிக்கிறது, மழை ஏன் கரிக்கவில்லை என்பது பிள்ளைக்கு அங்கேயே புரியும். மரக்காணம் உப்பளத்தில் நடப்பதும் இதுதான். குழம்புச் சட்டி மூடியின் உள்பக்கத் துளிகளைக் காட்டினால் மேகமும் விளங்கும். (மூடியை நீங்களே தூக்குங்கள், பிள்ளையை அடுப்பருகே விடாதீர்கள்.)

அடுத்ததுதான் முக்கியம். அடியில் துளையிட்ட பாட்டிலில் மணல் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றட்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும். அதே ஒரு டம்ளரைச் சிமெண்ட் வாசலில் ஊற்றட்டும். நேரே சாக்கடைக்கு ஓடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊரையொட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. வீடுகளுக்குள் புகுந்தது, வாய்க்காலில் ஓடிக் கடலில் சேர்ந்தது. மண்ணுக்குள் இறங்கியது கொஞ்சம்தான். வாசலுக்கு வாசல் சிமெண்ட் போட்டுவிட்டால் எப்படி இறங்கும்? கடலோர ஊரில் நிலத்தடி நீர் குறைந்தால் அந்த இடத்துக்கு உப்பு நீர் வரும். ஒருமுறை உப்பேறிய கிணறு லேசில் திரும்பாது.

ஒளுச் செய்யும்போது குழாயை மூடு என்று அதட்டினால் பிள்ளை அன்றைக்கு மூடும். மணல் பாட்டிலிலிருந்து சொட்டுவதை உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு அதட்டல் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு அஸருக்குப் பின் மக்தபில் இதைச் செய்கிறோம். பிள்ளையிடம் ஒரு காலி பாட்டில் கொடுத்தனுப்புங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் குழியிலும் சேறு அள்ள வேண்டியிருக்கிறது. வாலிபர்கள் மண்வெட்டியோடு வரட்டும்.