பிள்ளையின் முகத்தை மூடாதீர்கள்

 



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரில் பிறந்து ஏழு நாளான பெண் குழந்தைக்குப் பெயர் சூட்ட அழைக்கப்பட்டிருந்தேன். குழந்தையின் முகம் துணியால் மூடப்பட்டிருந்தது. மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. வாயினுள் அண்ணமும் பிளந்திருந்தது. “கிரகணத்தன்று இவள் அரிவாள்மனையைத் தொட்டாள்” என்று பாட்டி தம் மருமகளைக் குறை கூறினார். நான் துஆச் செய்து, பொறுமையைப் பற்றி நான்கு வார்த்தை கூறித் திரும்பிவிட்டேன்.

ஐந்து ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை மக்தபுக்கு வந்தபோதும் பிளவு அப்படியே இருந்தது. ‘பிஸ்மில்லாஹ்’ என்பதன் ‘பா’, காற்று மூக்கின் வழியே கசிந்து ‘மா’வாக ஒலித்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். மறுநாள் அவள் வரவில்லை. அன்று நான் சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நபி (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் (ரலி) மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினர். எவருடைய இறப்புக்காகவோ வாழ்வுக்காகவோ கிரகணம் நிகழ்வதில்லை என்று, அத்துயரத்தின் நடுவிலும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அவர்களின் உம்மத்தாகிய நாம், ஒரு தாயின் தலையில் கிரகணப் பழியைச் சுமத்தலாமா?

கருவுற்ற 4ஆம் வாரம் முதல் 9ஆம் வாரத்திற்குள், முகத்தின் இருபக்கத் திசுக்கள் ஒன்றுசேர்ந்து உதடும் அண்ணமும் உருவாகின்றன. அந்த இணைப்பு முழுமையடையாததே பிளவு. மரபும் பிற காரணங்களும் சேர்ந்து இதனை ஏற்படுத்துகின்றன. உலகில் 1,000 முதல் 1,500 பிறப்புகளில் ஒன்று இவ்வாறு அமைகிறது. இது எவருடைய பாவத்தின் அடையாளமும் அன்று.

பழிக்கு அடுத்த தடை பசி. அண்ணம் பிளந்த குழந்தையால் பாலை உறிஞ்ச இயலாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையாலோ கரண்டியாலோ சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். இடையிடையே தட்டி ஏப்பம் விடச் செய்ய வேண்டும். இதைக் கற்பிக்க ஆளில்லாத ஊரில் குழந்தை மெலிகிறது. எடையும் இரத்தமும் போதாத குழந்தைக்கு அறுவை சிகிச்சை தள்ளிப்போகிறது. “எடை கூடியதும் வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்பட்ட தாய், பல வேளைகளில் மீண்டும் செல்வதேயில்லை.

ஏன்? தந்தை வெளிநாட்டில் இருப்பார். அல்லது அன்றாடக் கூலிக்குச் செல்பவராக இருப்பார். நகரத்து மருத்துவமனைக்கு ஒருமுறை சென்று வந்தால் இரண்டு நாள் கூலி போகும். பேருந்துச் செலவு வேறு. உடன் வரத் துணையும் இராது.

சிகிச்சைக்கே பெரும்பணம் வேண்டுமென்று எண்ணுவோரும் உண்டு. 2013இல் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிளவு உதடும் அண்ணமும் இலவச சிகிச்சைக்குரியவையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கூறினால் வழிகாட்டுவார்கள். தொண்டு நிறுவனங்களின் உதவியோடு இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளும் உள்ளன.

பொதுவாக உதட்டை 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்தைப் பேச்சு வருமுன், 9 முதல் 18 மாதத்திற்குள்ளும் சீராக்குவர். உதட்டைத் தைத்ததும் முகம் அழகாகிவிட்டதென்று பலர் நிறுத்திவிடுகின்றனர், அது பெருந்தவறு. அண்ணம், காது, பேச்சுப் பயிற்சி, பல்வரிசை எனப் பல ஆண்டுகள் தொடர வேண்டிய பணி இது.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! நோயை இறக்கியவன் நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்பது நபிவழிப் பாடம். நிவாரணம் இருக்க, அதற்கான பாதையை நம் மௌனமே அடைக்கிறது. உங்கள் தெருவில் இத்தகைய குழந்தை இருந்தால் வெறும் ஆறுதலோடு திரும்பாதீர்கள். ஒரு பெண்மணி தாயுடன் துணைக்குச் செல்லட்டும். பைத்துல்மாலிலிருந்து வழிச்செலவையும் இழந்த கூலியையும் கொடுங்கள். அடுத்த தேதியை நினைவூட்டுங்கள். கேலிப் பெயர் வைக்கும் பிள்ளைகளைக் கண்டியுங்கள்.

அந்தச் சிறுமியைப் பின்னர் ஜமாஅத்தார் அழைத்துச் சென்றனர். சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. ஆயினும் தாமதத்தின் விலையைத் தன் நாவினால் அவள் இன்னும் செலுத்திவருகிறாள். அந்த ஐந்து ஆண்டுகளுக்கு நானும் பதில் சொல்ல வேண்டியவன்.

இயலாதோருடன் கைகோத்து நடக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.