விண்ணப்பம் திரும்பி வந்தால்



யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் சற்று நேரம் நின்றால், ஹட்டனை நோக்கி ஏறும் பஸ்களையும் அவிசாவளையை நோக்கி இறங்கும் பஸ்களையும் காணலாம். இறங்கும் பஸ்களிலே வேலை தேடிச் செல்லும் தோட்டத்து இளைஞர் சிலர் இருப்பர். சில வாரங்களில் அவர்களுக்கு விடை வரும். 'தகைமை போதாது' என்பதே பெரும்பாலும் அதன் சாரம். விடையே வராமற் போவதும் உண்டு.

இந்த ஏமாற்றம் மலையகத்துக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் எட்டாக்கனியாயிற்று. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. பாட்டனாரிடம் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். பேரனிடம் தொழிற் சான்றிதழ் கேட்கிறார்கள்.

ஆனால் பேரன் கேட்கப்படுவதைத் தேடிப் பெற வழியுண்டு. தேயிலைத் தொழிற்சாலையிலே மூன்றாண்டு பிட்டருக்குக் கைகொடுத்த ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். கொழுந்து அரைக்கும் ரோலரின் பெல்ட்டை அவன் மாற்றுவான். மோட்டாரின் ஓசை மாறினால் பெயரிங் தேய்ந்ததென்று அறிவான். விண்ணப்பத்திலோ, கணித பாடத்திற் சித்தியடையவில்லை என்பதை மட்டுமே எழுதியிருப்பான்! தோட்டத்து வேலையை வேலையென்று எழுத நம்மவர் ஏனோ நாணுகின்றனர்.

முன்கற்றலை அங்கீகரித்தல் என்னும் முறை இத்தகையோருக்கு உரியது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை முதலிய நிறுவனங்களில் விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் ஒருவர் செய்த வேலைக்கான ஆதாரங்களைப் பார்ப்பார், வினாக்கள் கேட்பார், கருவியைக் கையிற் கொடுத்து வேலை செய்யச் சொல்வார். பள்ளிப் பரீட்சைப் பெறுபேறு அங்கே முதற்கேள்வி அன்று. தேறினால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்கும்.

அத்தகைமைக்கு ஏழு படிகள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். தொழில்நுட்பவியலாளர் என்று சொல்லத்தக்க நிலை ஐந்தாம் படியிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே மூன்றாம், நான்காம் படிச் சான்றிதழைப் பெற்றவுடன் பெரிய பதவி வாசலில் நிற்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். சான்றிதழுடன் சென்றும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. எனினும் நான்காம் படியை எட்டியவன் ஐந்தாம் படிக்கு முயலலாம். 'தகைமை போதாது' என்னும் சொல்லுக்கு அவன் கையில் ஒரு மறுமொழியும் இருக்கும். அனுபவமே இல்லாத இளையோர்க்கு ஏற்றது பயிலுநர் பயிற்சி. அதைப் பற்றித் தனியே பேச வேண்டும்.

மதிப்பீட்டுக்குப் போகும் நாளிற் கூலி கிடைக்காது என்பதை வீட்டார் முன்னரே அறிந்திருத்தல் நலம். தமிழிலே மதிப்பீடு வேண்டுமென்றால் அதையும் விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, எந்த இயந்திரத்தில் எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்று டீமேக்கர் ஐயாவிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டு விலகியபின் அதைக் கேட்பது கடினம். அவர் இன்று தயங்கினால், அரைப்பு வேலை ஓய்ந்த நேரம் பார்த்து நாளையும் கேளுங்கள். சம்பளச் சிட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள்.